முறுக்கை மியூனிக் கூட்டிப்போக வேண்டும், கையில் இருப்பது ஏழு வாரம்

மலைக்கோட்டை:
வணக்கம். மியூனிக்கில் வேலை கிடைத்திருக்கிறது, ஆகஸ்ட் 1 சேர வேண்டும், இன்று ஜூன் 12. விசா, வீடு எல்லாம் ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. தூக்கம் கெடுவது முறுக்கை நினைத்துத்தான். எங்கள் வீட்டு நாய். நாலு வருடம் முன்னால் உறையூரில் எங்கள் தெரு சாக்கடை ஓரம் குட்டியாகக் கிடந்தவள். வால் சுருண்டு முதுகிலேயே உட்கார்ந்திருக்கும், அதனால் அந்தப் பெயர். இப்போது எடை 17.5 கிலோ, கேபினில் மடியில் வைத்துப் போகிற சைஸ் இல்லை.

வருடா வருடம் ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறோம், கடைசியாக பிப்ரவரியில். புத்தகம் இருக்கிறது. மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கிற அடையாள எண் சிப்) இல்லை.

போனில் பேசிய ஒரு ஏஜென்ட், "சிப் போட்டு ஒரு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் வாங்கினால் போதும் மேடம், பத்து நாளில் ஏற்றிவிடலாம்" என்று சொல்லி உடனே அட்வான்ஸ் கேட்டார். இன்னொருவர் நாலு மாதம் ஆகும் என்கிறார். எது உண்மை? நான் முதலில் போய்விட்டு, அப்புறம் தம்பி சென்னையிலிருந்து அவளை மட்டும் அனுப்பி வைக்க முடியுமா? அம்மா வேறு, தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பினால் பயப்படாமல் போவாள் என்கிறார். கொடுக்கலாமா?

நெக்கர்கரை:
நாலு மாதம்தான். பத்து நாள் என்றவருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

நான் மதுரையிலிருந்து ஷ்டுட்கார்ட் வந்து ஆறு வருடம் ஆகிறது, எங்கள் நாயைக் கொண்டுவந்த கதையைச் சொன்னால் உங்களுக்கே புரியும். ஐரோப்பிய ஒன்றியம் ரேபிஸ் விஷயத்தில் நாடுகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதில் இந்தியா இல்லை. பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து வரும் நாய்க்கு முதலில் சிப், அதற்குப் பிறகு ரேபிஸ் ஊசி, ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து டைட்டர் டெஸ்ட் (ரத்தத்தில் ரேபிஸ் எதிர்ப்பொருள் எவ்வளவு என்று அளப்பது), ரத்தம் எடுத்த நாளிலிருந்து முழுசாக மூன்று மாதம் காத்திருப்பு. இந்த வரிசை மாறவே கூடாது. சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி பத்து இருந்தாலும் அவர்கள் கணக்கில் ஒன்றுமில்லை, ஏனென்றால் அந்த ஊசி இந்த நாய்க்குத்தான் போடப்பட்டது என்பதற்கு ஆதாரம் அந்த 15 இலக்க எண் ஒன்றுதான். உங்கள் பிப்ரவரி ஊசியை மறந்துவிடுங்கள்.

எங்களுக்கு நடந்தது இதுதான். நாங்கள் அமர்த்திய ஏஜென்ட் அழைத்துப்போன இடத்தில் திங்கள் ஊசி போட்டார்கள், சிப் ஸ்டாக் இல்லை என்று புதன்கிழமை வரச்சொல்லிப் போட்டார்கள். ரெண்டு நாள் வித்தியாசம். யாரும் கவனிக்கவில்லை. ரத்தம் எடுத்து, ரிசல்ட் வந்து, மூன்று மாதம் காத்திருந்து, டிக்கெட்டும் போட்டு, சென்னையில் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் அந்த அதிகாரி புத்தகத்தின் இரண்டு பக்கங்களையும் விரலால் மாற்றி மாற்றிக் காட்டினார். சிப் 14ஆம் தேதி, ஊசி 12ஆம் தேதி. அவ்வளவுதான், முதலிலிருந்து ஆரம்பம். நாய் மதுரையில் என் மாமனார் வீட்டில் இன்னும் நாலு மாதம் இருந்தது. ஏஜென்டைக் கேட்டால் "வழக்கமாக யாரும் பார்ப்பதில்லை சார்" என்றார்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். ஜூன் 14 சிப், அதே நாளில் சிப்பை ஸ்கேன் செய்து உறுதிசெய்த பிறகு ஊசி. ஜூலை 15 ரத்தம். அக்டோபர் 15 தாண்டினால் கிளம்பலாம். ஆக நீங்கள் ஜூலை கடைசியில் தனியாகத்தான் போயாக வேண்டும்.

தம்பி அனுப்புவது பற்றி. சொந்த நாய், விற்பனைக்கு இல்லை என்ற கணக்கில் வர வேண்டுமானால், நீங்கள் பயணம் செய்வதற்கு ஐந்து நாள் முன்பின்னுக்குள் நாயும் பயணம் செய்ய வேண்டும். எழுத்தில் அதிகாரம் கொடுத்தால் தம்பியே கூட்டிவரலாம், ஆனாலும் அந்த ஐந்து நாள் உங்கள் பயணத்தை ஒட்டித்தான். ஆகஸ்டில் நீங்கள், அக்டோபரில் நாய் என்றால் வியாபாரச் சரக்கு விதிகளுக்குள் போய்விடும், காகிதம் வேறு, செலவும் வேறு. அதனால் தீபாவளிக்கு ஊருக்கு வாருங்கள், திரும்பும்போது கூட்டிக்கொண்டு போங்கள். லீவை இப்போதே மேனேஜரிடம் சொல்லி வைப்பது நல்லது.

வீடு பார்க்கும்போதே நாய் உண்டு என்று சொல்லிவிடுங்கள். ஒப்பந்தம் போட்ட பிறகு சொன்னால் வீட்டுக்காரர் முகம் மாறும். நாய்க்கு வரி வேறு உண்டு, மியூனிக்கில் ஆண்டுக்கு 100 யூரோ.

ஊசிக்காரர்:
தாம்பரம் பக்கம் நாய் பூனை கிளினிக் ஒன்றில் இருக்கிறேன். நெக்கர்கரை சொன்னது சரி. டைட்டர் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன், நிறைய பேர் சறுக்குவது அங்கேதான்.

ரத்தத்தில் ரேபிஸ் எதிர்ப்பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகமாக இருந்தால்தான் ரிசல்ட் செல்லும். பட்டியலை அவர்கள் தளத்திலேயே பார்க்கலாம், ஜெர்மனியில் கீசன் பல்கலைக்கழகம், அமெரிக்காவில் கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகம் மாதிரி. பக்கத்துத் தெரு லேபில் 'ரேபிஸ் ஆன்டிபாடி' என்று எடுத்துத் தருகிற காகிதம் எதற்கும் உதவாது. நாங்கள் ரத்தம் எடுத்து, சீரம் பிரித்து, குளிர்பதனத்தில் அனுப்புவோம். குழாய் மேல் சிப் எண்ணை எழுதும்போது பக்கத்தில் நின்று ஒவ்வோர் இலக்கமாகப் படித்துப் பாருங்கள். இதற்காகக் கூச்சப்பட வேண்டாம், நானே வாடிக்கையாளரைப் படிக்கச் சொல்வேன்.

உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. முதல்முறை ஒரே ஒரு ஊசி போட்ட குட்டிகள்தான் டைட்டரில் அதிகம் தேறாமல் போவது. முறுக்குக்கு நாலு வருடமாகப் போட்டிருப்பதால், காகிதத்தில் இது 'முதல் ஊசி' ஆனாலும் உடம்புக்குத் தெரியும். பெரும்பாலும் எண் நன்றாகவே வரும்.

அந்த மூன்று மாதம் எதற்கு என்று எல்லாரும் திட்டுவார்கள். ஊசிக்கு முன்னாலேயே கிருமி உடம்பில் ஏறியிருந்தால் டைட்டர் நன்றாக இருந்தும் நோய் வெளிப்படலாம், அது தெரிய அந்த அவகாசம். ஜெர்மனி நரி வழியாகப் பரவிய ரேபிஸை வருடக்கணக்கில் காட்டில் தடுப்பு மருந்து கலந்த இரை வைத்து ஒழித்து 2008இல் விடுபட்ட நாடாக அறிவித்துக்கொண்டது, அவர்கள் பயம் அவர்களுக்கு.

இன்னொன்று. டைட்டர் ஒருமுறை தேறிவிட்டால், அடுத்தடுத்த ரேபிஸ் ஊசியைக் கெடு முடிவதற்குள் போட்டுக்கொண்டே வந்தால் போதும், மறுபடி டெஸ்ட் தேவையில்லை. ஒரு நாள் தள்ளிப் போட்டாலும் தொடர்ச்சி அறுந்துவிடும். புத்தகத்தில் மருந்து பாட்டிலின் ஸ்டிக்கர், பேட்ச் எண், தேதி, எதுவரை செல்லும் என்பது எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எங்கள் ஆட்கள் கையெழுத்து எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். ரத்த அழுத்தம் இறங்கும், மூச்சு மந்தமாகும், விமானம் குலுங்கும்போது காலை ஊன்றி நிற்கத் தெரியாது, பார்க்க அங்கே யாரும் இல்லை. மயங்கிய நாய் என்று தெரிந்தால் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

சும்மா_ஒருத்தன்:
தப்பாக நினைக்க வேண்டாம். தெருவில் கிடந்த நாய்க்கு இத்தனை லட்சமா? அம்மா வீட்டில் இருக்கட்டும், அங்கே போய் ஒன்று வாங்கிக்கொள்ளலாமே. இந்த நாய்க்கும் அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது.

மலைக்கோட்டை:
அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கிறது, 17 கிலோ இழுத்தால் விழுந்துவிடுவார். தம்பி டிசம்பரில் பெங்களூர் போகிறான். அதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மற்றவர்களுக்கு ரொம்ப நன்றி. நாளைக்கே சிப் போடப் போகிறேன். பெட்டி எந்த அளவு வாங்குவது? கடைக்காரர் "நடுத்தர சைஸ் போதும்" என்கிறார்.

நெக்கர்கரை:
கடைக்காரர் கையில் இருக்கிற சைஸைச் சொல்வார். டேப் எடுத்து நீங்களே அளங்கள், நிற்க வைத்து.

மூக்கு நுனியிலிருந்து வால் ஆரம்பிக்கும் இடம் வரை ஒன்று, தரையிலிருந்து முன்னங்காலின் முழங்கை மூட்டு வரை ஒன்று, தோள் அகலம் ஒன்று, தரையிலிருந்து காது நுனி வரை ஒன்று. பெட்டி நீளம் முதல் அளவோடு அந்த மூட்டு உயரத்தில் பாதி. அகலம் தோளைப்போல் இரண்டு மடங்கு. உயரம் காது நுனியும் விரிப்பின் கனமும். எங்கள் நாய் 75, 32, 20, 65 செமீ. ஆக நீளம் 91, அகலம் 40, உயரம் 65க்கு மேல், 36 அங்குலப் பெட்டி சரியாக இருந்தது. உங்களுடையதும் கிட்டத்தட்ட அதேதான் வரும். காது நிமிர்ந்த நாய், காதை விட்டுவிட்டுத் தலை வரை அளந்தால் கவுன்டரில் மாட்டிக்கொள்வீர்கள். நிற்க, திரும்ப, படுக்க முடிகிறதா என்று அவர்கள் கண்ணால் பார்ப்பார்கள்.

மேல்பாதியையும் கீழ்பாதியையும் பிளாஸ்டிக் கிளிப் போட்டு மாட்டுகிற பெட்டி வேண்டாம், இரும்பு போல்ட் நட்டு இருக்க வேண்டும். சக்கரம் இருந்தால் கழற்றிவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் கதவில் மாட்டி வெளியிலிருந்து ஊற்றுகிற மாதிரி. முந்தின நாள் ராத்திரி அதில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்தேன், ஏற்றும்போது சிந்தாமல் மெதுவாகக் கரைந்தது.

பெட்டி இன்றைக்கே வாங்குங்கள், அக்டோபரில் இல்லை. கதவைக் கழற்றி ஹாலில் போட்டு அதற்குள்தான் சோறு. எங்கள் நாய் முதல் வாரம் தலையை மட்டும் உள்ளே நீட்டித் தின்றுவிட்டுப் பின்காலை வெளியே வைத்துக்கொண்டு நிற்கும். ஆறாவது வாரம் மத்தியானத் தூக்கமே அதில்தான். நான் கட்டியிருந்த பழைய லுங்கியைத் துவைக்காமல் உள்ளே விரித்து அனுப்பினேன். ஃபிராங்க்ஃபர்ட்டில் எடுக்கும்போது அதைச் சுருட்டித் தலைக்கு வைத்திருந்தது.

டிக்கெட்டை ஆன்லைனில் போட்டுவிட்டு அப்புறம் நாய்க்குக் கேட்காதீர்கள். ஒரு விமானத்தில் இத்தனை விலங்குதான் என்று கணக்கு உண்டு. முதலில் போன் போட்டு நாய்க்கு இடம் உறுதியாகட்டும், அதன் பிறகு உங்கள் சீட். மாறிப் போகிற விமானம் வேண்டாம், சென்னை - ஃபிராங்க்ஃபர்ட் நேராகப் போய்விட்டு அங்கிருந்து ரயிலில் மியூனிக் போங்கள். ரயிலில் நாய்க்கும் டிக்கெட் உண்டு. சரக்குக் கிடங்கில் போடுகிறார்களே என்று பயப்பட வேண்டாம், விலங்கு வைக்கும் பகுதியில் காற்றழுத்தம் நம் கேபினில் இருப்பதுதான், வெப்பமும் பார்த்து வைப்பார்கள். எனக்குப் பயம் ரன்வே பக்கம் வெயிலில் நிறுத்தி வைக்கிற நேரம்தான். அதனால்தான் நள்ளிரவு தாண்டிக் கிளம்புகிற விமானமாகப் பிடித்தேன்.

டல்லாஸ்_வெயில்:
அமெரிக்கா போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: இங்கே கணக்கு வேறு. 2024 ஆகஸ்ட் 1 முதல் சிடிசி (இங்கத்திய அரசின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பு) புது விதி. இந்தியா அதிக ரேபிஸ் ஆபத்துள்ள நாடு என்பதால் சிப், ஊசி, ஆறு மாத வயது, டைட்டர் எல்லாம் வேண்டும், ஆனால் ரத்தம் எடுத்து 28 நாள் ஆனால் போதும். இறங்குவது சிடிசி அங்கீகரித்த விலங்குப் பராமரிப்பு நிலையம் இருக்கிற விமான நிலையமாகத்தான் இருக்க வேண்டும், அங்கே முன்பதிவும் செய்திருக்க வேண்டும். டைட்டர் இல்லாமல் வந்தால் அங்கேயே 28 நாள், செலவு நம் தலையில். ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேராக நாயைக் கொண்டுபோகவே முடியாது, அனுமதித்த வேறொரு நாட்டில் மாதக்கணக்கில் வைத்திருந்துதான். அதைப் பார்த்தால் ஜெர்மனி எவ்வளவோ தேவலை.

மலைக்கோட்டை:
அக்டோபர் 9. இந்தப் பக்கம் மறுபடி வருகிறேன். டைட்டர் 4.2 வந்தது, ஊசிக்காரர் சொன்ன மாதிரியே. வரும் 17ஆம் தேதி ஊருக்கு வருகிறேன், 27 ராத்திரி விமானம், அவளுக்கும் இடம் உறுதி. தம்பி தினம் வீடியோ அனுப்புகிறான், பெட்டிக்குள் குப்புறப் படுத்து வாலை மட்டும் வெளியே நீட்டியிருக்கிறாள்.

கடைசிச் சான்றிதழ் எங்கே, எப்போது?

நெக்கர்கரை:
பள்ளிக்கரணையில் இருக்கிற மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையம். ஐரோப்பிய ஒன்றியத்தின் படிவத்தில் அரசு மருத்துவர் கையெழுத்து, முத்திரை. கையெழுத்தான நாளிலிருந்து 10 நாளுக்குள் ஜெர்மனியில் இறங்க வேண்டும், அதனால் ரொம்ப முன்கூட்டி வாங்காதீர்கள், 23, 24 தேதி வாக்கில் போங்கள். இப்போதே தொடர்புகொண்டு நேரம் கேட்டு வையுங்கள், பண்டிகை விடுமுறை எந்தெந்த நாள் என்றும் கேளுங்கள். படிவம் ஆங்கிலமும் ஜெர்மனும் சேர்ந்ததாக இருக்கட்டும், ஆங்கிலம் மட்டும் உள்ளதைப் பிரிண்ட் எடுத்துப் போய் ஒருவர் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். விற்பனைக்கு அல்ல என்ற உறுதிமொழியில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். ஊசிப் புத்தகம், டைட்டர் ரிசல்ட் இரண்டும் அசல்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் பச்சை வழியில் நடந்துவிடாதீர்கள். சுங்கத்தில் சிவப்பு வழி, நாய் இருக்கிறது என்று நீங்களாகச் சொல்ல வேண்டும். சிப்பை ஸ்கேன் செய்வார்கள். சிப் சில சமயம் தோளுக்குக் கொஞ்சம் கீழே நகர்ந்திருக்கும், கிளம்பும் முன் ஊரில் ஒருமுறை ஸ்கேன் செய்து எங்கே படிக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசிக்காரர்:
புறப்படுகிற அன்று சாயங்காலம் 6 மணிக்குக் கொஞ்சமாகச் சாப்பாடு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தண்ணீர் மட்டும். தயிர் சாதம் வேண்டாம். திருச்சியிலிருந்து சென்னை வருகிற வழியில் இரண்டு முறை இறக்கி நடக்க விடுங்கள்.

மலைக்கோட்டை:
தயிர் சாதம் கொடுக்கவில்லை என்றால் அம்மா என்னை ஏறவே விடமாட்டார். 24ஆம் தேதி காலை 11 மணிக்குப் பள்ளிக்கரணையில் நேரம் கொடுத்திருக்கிறார்கள். லுங்கிக்குப் பதில் அம்மாவின் பழைய நைட்டி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.