நடுத்தர ஊரில் ஆலை வேலை: சம்பளம் குறைஞ்சாலும் போகலாமா?

புதுக்கை:
ரெண்டு வருஷமா பெருநகரத்துல கிடங்கு வேலை. இப்ப ஒரு நடுத்தர ஊர்ல, சிஎன்சி (கம்ப்யூட்டர் புரோகிராம்ல ஓடுற, உலோகம் வெட்டுற மெஷின்) ஆபரேட்டரா வரச் சொல்றாங்க. சம்பளம் கால்வாசி குறையும், வாடகை பாதிதான். போகலாமா?

லேத்துக்காரர்:
தாராளமா போங்க தம்பி. பெரிய ஆலைல பட்டனை அமுக்குறதோட நம்ம வேலை முடிஞ்சுடும். சின்ன ஆலைல புரோகிராம், டூல் மாத்துறது, டூலோட இடத்தைத் திருத்துற ஆஃப்செட், அளவு எல்லாம் ஒரே ஆள் தலைல விழும். அப்படித்தான் நான் கத்துக்கிட்டேன். ஒருநாள் ராத்திரி ஷாஃப்ட்டோட வெளிவிட்டம் 0.02 மி.மீ. கூட வந்துச்சு. மைக்ரோமீட்டரைத் திரும்பத் திரும்பத் துடைச்சு அளந்துட்டு இருந்தேன். மேஸ்திரி வந்து சத்தத்தை மட்டும் கேட்டுட்டு, "வெட்டுற இன்சர்ட் முனை மழுங்கிடுச்சுடா"ன்னார். அந்தக் காது வந்துட்டா எந்த ஊர்லயும் சோறு உண்டு.

கணக்குநோட்டு:
அண்ணே, காது வர்ற வரைக்கும் வீடு எப்படி நடக்கும்? தம்பி, அவங்க சொன்ன தொகைல அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் எவ்வளவுன்னு பிரிச்சுக் கேளுங்க. நான் வேலை பார்த்த இடத்துல ரெண்டு மாசம் ஆர்டர் வரல. யாரையும் நிறுத்தல, ஓவர்டைமை மட்டும் நிறுத்தினாங்க. கைல வந்தது மூணுல ரெண்டு பங்குதான். ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணின்னு ஐ.எல்.ஓ.வோட (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) முதல் உடன்படிக்கையே 1919-ல சொல்லியாச்சு. அதைத் தாண்டி உழைச்சாத்தான் அடுப்பு எரியும்னா அதை நல்ல சம்பளம்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

லேத்துக்காரர்:
ஆள் நிக்கலேன்னா முதலாளி சம்பளத்தை ஏத்தித்தான் ஆகணும். அமெரிக்கால ஃபோர்டு கார் ஆலைல ஆட்கள் வந்த வேகத்துல ஓடினாங்க. 1914-ல நாளைக்கு 5 டாலர் ஆக்கினாங்க, 9 மணி வேலை 8 மணி ஆச்சு. நடுத்தர ஊர்ல மெஷின் செட் பண்ணத் தெரிஞ்சவன் சில பேர்தான். அவனைச் சும்மா விட்டுட மாட்டாங்க.

கணக்குநோட்டு:
அந்த 5 டாலர்ல ஏறக்குறைய பாதி லாபப் பங்குண்ணே. வீட்டுக்கே ஆள் அனுப்பி, குடும்பம் எப்படி நடக்குதுன்னு பார்த்துட்டுத்தான் கொடுத்தாங்க. அதோட, ஊர்ல ரெண்டு மூணு ஆலைதான் இருக்குன்னா ஒண்ணை விட்டுட்டு எங்க போய் நிப்பீங்க?

இரவுஷிப்ட்:
கணக்குநோட்டு அண்ணன் சொல்ற பயம் நியாயம். ஆனா ஒரே ஆலையை நம்பின ஊரும் பிழைச்சிருக்கு. ஜெர்மனில வொல்ஃப்ஸ்பர்க் ஃபோக்ஸ்வாகன் கார் ஆலையை நம்பின ஊர். 1993-ல அந்த நிறுவனத்தோட ஜெர்மன் ஆலைகள்ல சுமார் 30,000 வேலை போற நிலைமை. நிர்வாகமும் சங்கமும் உட்கார்ந்து பேசி, வாரத்துக்கு 28.8 மணி நேரம், நாலு நாள் வேலைன்னு முடிவு பண்ணாங்க. வருமானம் குறைஞ்சுது, ஆனா வேலை தப்பிச்சுது. பேச ஒரு சங்கம் இருந்ததாலதான் அது நடந்துச்சு. நான் அஞ்சு வருஷம் ஒப்பந்தக்காரர் கிட்ட இருந்தவள். பக்கத்து மெஷின்ல நிரந்தரப் பணியாளர். ரெண்டு பேருக்கும் ஒரே வேலை, ஆனா சம்பளத்துல எட்ட முடியாத தூரம். தம்பி, உங்க கடிதத்துல யார் பேர் இருக்கு?

புதுக்கை:
இப்பத்தான் எடுத்துப் பார்த்தேன் அக்கா. ஆலை பேர் இல்ல, ஆள் அனுப்புற நிறுவனத்தோட பேர்தான் இருக்கு. சம்பளத்துல மூணுல ஒரு பங்கு ஓவர்டைம்.

லேத்துக்காரர்:
அப்படின்னா பொறுங்க தம்பி. வேலை கத்துக்க அந்த ஊர் நல்ல இடம்னுதான் இன்னும் சொல்வேன். ஆனா எத்தனை மாசத்துல ஆலையோட நேரடிப் பணியாளர் ஆக்குவாங்கன்னு எழுத்துல வாங்காம பெட்டியைக் கட்டாதீங்க.