கிஸ்மிஸ் தின்றால் சொத்தைப் பல் வராதாம்!

கடைவாய்ப்பல்: நேற்று இங்கே ஒருவர் போட்டதைப் பார்த்ததில் இருந்து எரிச்சல் தாங்கவில்லை. “ராத்திரி பத்து கிஸ்மிஸ் மென்றுவிட்டு வாய் கொப்பளிக்காமல் படுங்கள், சொத்தை வராது, அமெரிக்காவிலேயே நிரூபித்துவிட்டார்கள்” என்கிறார். கிஸ்மிஸ் பல்லில் ஒட்டுமய்யா! ஒட்டுகிற இனிப்பு பல்லுக்கு மருந்தா?

மூலிகைநேசன்: அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். 2005-ல் சிகாகோ இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் வூ குழு செய்த ஆய்வு அது. கிஸ்மிஸில் இருந்து ஐந்து சேர்மங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். அதில் ஒலியனோலிக் அமிலம், சொத்தைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் கிருமியை வளரவிடவில்லை. மில்லிக்கு 31 மைக்ரோகிராம் இருந்தாலே கிருமி பரப்பில் ஒட்டுவது நின்றுபோனது. ஒட்டும் ஒட்டும் என்கிறீர்களே, கிருமியே ஒட்டவில்லை!

கடைவாய்ப்பல்: ஆய்வகத்தில் ஒட்டவில்லை, என் பல்லில் ஒட்டுகிறது. பிரித்தெடுத்த அமிலமும் முழுப் பழமும் ஒன்றா? அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கலிபோர்னியா உலர் திராட்சை விற்பனை வாரியம். அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டீர்கள்.

மூலிகைநேசன்: கிஸ்மிஸில் இருப்பது பெரும்பாலும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். கிருமி பல்லில் ஒட்டப் பசை செய்துகொள்வது சுக்ரோஸை, அதாவது சாதாரண வெள்ளைச் சர்க்கரையை வைத்து. படித்துவிட்டு வாங்க.

கடைவாய்ப்பல்: குளுக்கோஸைத் தின்றாலும் கிருமி அமிலம்தான் கக்கும். எள்ளுருண்டை விவாதத்திலும் இப்படித்தான் பாதியைப் படித்துவிட்டு வந்து மாட்டினீர்கள்.

தேனிமாமா: கிஸ்மிஸ் எதற்கு? எங்கள் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

கடைவாய்ப்பல்: மாமா, அதில் கொட்டை இருக்கிறது. அதை யார் காயவைக்கிறார்கள்?

சாங்லிரிட்டர்ன்: மகாராஷ்டிராவில் கிஸ்மிஸ் காயவைக்கும் சாங்லி பக்கம் மூன்று வருடம் வேலை பார்த்தவன் நான். பொட்டாசியம் கார்பனேட்டும் எத்தில் ஒலியேட் எண்ணெயும் கலந்த தண்ணீரில் குலையை முக்கித்தான் நிழலில் காயப்போடுவார்கள். தோல்மேல் சாம்பல் பூத்ததுபோல் இருக்கும் மெழுகு கலைந்து ஈரம் சீக்கிரம் வெளியேறும். ஒலியனோலிக் அமிலம் இருப்பதே அந்த மெழுகில்தான்.

கடைவாய்ப்பல்: பார்த்தீர்களா! மருந்தைக் கழுவிவிட்டுத்தான் விற்கிறார்கள்.

சாங்லிரிட்டர்ன்: கழுவுவதாக நான் சொல்லவில்லை. மெழுகு கலைகிறது என்றேன்.

கடைவாய்ப்பல்: எல்லாம் ஒன்றுதான்.

மூலிகைநேசன்: சரி, டப்பாவில் மாதக்கணக்கில் கிடந்தாலும் கிஸ்மிஸில் பூஞ்சை வராதது எதனால்?

கடைவாய்ப்பல்: ஈரம் பதினைந்து சதவீதம் சொச்சம், மீதி பெரும்பாலும் சர்க்கரை. கிருமிக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. கல்கண்டிலும்தான் பூஞ்சை வராது, அதையும் ராத்திரி மென்றுவிட்டுப் படுங்கள்.

பொதிகைமைனா: ஒட்டுகிற மாதிரி தோன்றுவதெல்லாம் பல்லில் தங்குவதில்லை. கேரமல் சீக்கிரம் கரைந்துவிடும், சிப்ஸும் பிஸ்கட்டும்தான் இடுக்கில் கிடக்கும் என்று 1991-லேயே ஆய்வு வந்திருக்கிறது.

கடைவாய்ப்பல்: மைனா மேடம், கேரமலைப் பற்றி யார் கேட்டது? இப்போதுதான் இரண்டு கிஸ்மிஸ் மென்றேன். பத்து நிமிடம் ஆகிறது. கீழ்க் கடைவாயில் தோல் இன்னும் இருக்கிறது. நாக்கால் நெம்புகிறேன், அசையவில்லை. ஒட்டும்.

மூலிகைநேசன்: அங்கே ஏற்கெனவே குழி விழுந்திருக்கும். முதலில் போய் அடைத்துக்கொள்ளுங்கள்.

கடைவாய்ப்பல்: என் பல்லைப் பற்றிப் பேசுகிற வேலை வேண்டாம்!

தேனிமாமா: அது இருக்கட்டும். பன்னீர் திராட்சையைக் காயவைக்க மாட்டார்கள் என்று உமக்கு யார் சொன்னது?