கல்லின் அடர்த்தி 1.83 வருகிறது, எங்கே தப்பு? (அவசரம்)

திருமங்கலம்_அப்பா:
மகள் எட்டாவது படிக்கிறாள். கல்லின் அடர்த்தியைக் கண்டுபிடித்து நாளை காலை வகுப்பில் காட்ட வேண்டுமாம். எடை போட்டோம், தண்ணீரில் போட்டோம், வகுத்தோம். 1.83 வருகிறது. 2.7 பக்கம் வர வேண்டும் என்கிறார்கள். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கூடல்நகர்_வாசி:
என்ன கல்? செங்கல் துண்டு என்றால் 1.83 சரியான விடைதான்.

அவனியாபுரம்_பம்ப்:
எந்தத் தண்ணீர்? போர் தண்ணீராக இருக்கும். எங்கள் ஏரியாத் தண்ணீரில் உப்பு அப்படி. நல்ல தண்ணீரில் செய்து பாருங்கள், சரியாகிவிடும்.

வாத்தியார்_ஓய்வு:
கல் எவ்வளவு கிராம், தண்ணீர் எங்கிருந்து எங்கே ஏறியது, எதில் அளந்தீர்கள், இதில் ஒன்றுகூட இல்லை. டாக்டரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்வீர்களா தம்பி?

மேலூர்_கிரேன்:
கிரானைட்டா அண்ணே? எங்கள் பக்கம் கிரானைட் என்று அறுத்து விற்பதில் நைஸ் (gneiss) என்ற வேறு பாறை வகையும் நிறைய உண்டு. ஆனால் எதை எடுத்தாலும் 2.6, 2.8 என்றுதான் நிற்கும். 1.83 வர வாய்ப்பே இல்லை.

திருமங்கலம்_அப்பா:
கிரானைட் சில்லுதான், தரை போட்டபோது மிஞ்சியது. 11 கிராம். சமையலறை டிஜிட்டல் தராசு. சிம்மக்கல்லில் வாங்கிய 250 மி.லி. அளவு ஜாடி. 100-இலிருந்து 106-க்கு ஏறியது. தண்ணீர் போர்தான்.

அவனியாபுரம்_பம்ப்:
சொன்னேனா இல்லையா!

வாத்தியார்_ஓய்வு:
ஜாடியில் ஒரு கோட்டுக்கு எவ்வளவு?

திருமங்கலம்_அப்பா:
2 மி.லி.

வாத்தியார்_ஓய்வு:
அதுதான் சங்கதி. 11 கிராம் கிரானைட் சுமார் 4 மி.லி. தண்ணீரைத்தான் ஏற்றும். உங்களுக்கு 6. அதாவது ஒரே ஒரு கோடு வித்தியாசம். 4 என்று படித்தால் 2.75, 5 என்றால் 2.2, 6 என்றால் 1.83. ஜாடியில் தண்ணீரின் மேற்பரப்பு வளைந்து நிற்கும். கல் போடும் முன் அந்த வளைவின் அடிப்பகுதியைப் பார்த்துவிட்டு, போட்ட பிறகு மேல்விளிம்பைப் பார்த்தால் அதிலேயே கொஞ்சம் போய்விடும். சில்லின் பள்ளத்தில் ஒட்டிய காற்றுக்குமிழ் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். 11 கிராம் கல்லை 250 மி.லி. ஜாடியில் அளப்பது, லாரி எடைமேடையில் மூக்குத்தியை நிறுப்பது மாதிரி. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்காமல் என்னதான் நடத்துகிறார்களோ.

கூடல்நகர்_வாசி:
அப்போது தண்ணீரில் உப்பு இருந்தால் பரவாயில்லையா சார்?

வாத்தியார்_ஓய்வு:
ஜாடி முறையில் கொஞ்சமும் பரவாயில்லை. கல் அடைத்துக்கொள்ளும் இடம்தான் கணக்கு. உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், மண்ணெண்ணெய், எதுவானாலும் அதே ஏற்றம்தான்.

அவனியாபுரம்_பம்ப்:
பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் அளவுக்கு உப்பு. அது கணக்கே இல்லையா?

கெமிஸ்ட்ரி_அக்கா:
லிட்டருக்கு 2 கிராம் உப்பு கரைந்திருந்தால்கூட அடர்த்தி சுமார் 0.15 சதவீதம்தான் கூடும். நம் ஊர் வெயில் அதைவிடப் பெரிய ஆள். 4 டிகிரியில் 1.000 ஆக இருக்கும் தண்ணீர் 30 டிகிரியில் 0.996-க்கு வந்துவிடும். ஒன்று ஏற்றும், ஒன்று இறக்கும். சமையலறைத் தராசு இரண்டையும் கண்டுகொள்ளாது.

திருமங்கலம்_அப்பா அண்ணா, ஜாடியை விட்டுவிடுங்கள். கைக்கு அடங்கும் பெரிய கல்லாக, 300 கிராம் போல எடுங்கள். முதலில் காய்ந்த கல்லை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தண்ணீர் டப்பாவைத் தராசில் வைத்து டேர் அழுத்தி 0 ஆக்குங்கள். கல்லைத் தையல் நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். முழுதாக மூழ்க வேண்டும். அடியிலோ பக்கத்திலோ தொடக் கூடாது. தண்ணீர் கல்லை மேலே தள்ளும், அதே அளவுக்குத் தராசைக் கீழே அழுத்தும். 1 மி.லி. தண்ணீர் சுமார் 1 கிராம் என்பதால், தராசு காட்டும் கிராம்தான் கல்லின் பருமன், மி.லி. கணக்கில். ஆர்க்கிமிடீஸ் தத்துவமேதான். நூலை ஆட்டிக் குமிழை உதறிவிடுங்கள். சில தராசுகள் கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும், அதற்குள் படித்துவிடுங்கள்.

அவனியாபுரம்_பம்ப்:
சரிம்மா. ஆனால் அந்த வெள்ளைப் படலம் தண்ணீர் வற்றி உப்பு தங்குவதுதானே? அது வெறும் இயற்பியல் மாற்றம் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன்.

கெமிஸ்ட்ரி_அக்கா:
இல்லை அண்ணா. தட்டில் உப்புத் தண்ணீர் காய்ந்து உப்பு தங்கினால் அது இயற்பியல் மாற்றம். திரும்பத் தண்ணீர் விட்டால் கரைந்துவிடும். பாத்திரத்தில் படிவது தண்ணீர் வற்றும் முன்பே, கொதிக்கும்போதே வருகிறது. கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூட்டில் உடைந்து, கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. பொருளே மாறிவிட்டது, அதனால் வேதியியல் மாற்றம்.

அவனியாபுரம்_பம்ப்:
இரண்டும் வெள்ளைதான். எதை வைத்துப் பிரிப்பது?

கெமிஸ்ட்ரி_அக்கா:
எலுமிச்சைச் சாறு விடுங்கள். படலம் நுரைக்கும், சோற்றுப்பு நுரைக்காது.

கூடல்நகர்_வாசி:
கல்லைக் கேட்டு வந்தவர் எங்கேப்பா? பாத்திரம் விளக்கிக்கொண்டிருக்கிறோம்.

மேலூர்_கிரேன்:
கல் தேடப் போயிருப்பார்.

அவனியாபுரம்_பம்ப்:
நுரைக்கிறது. கல் உப்பைப் போட்டும் பார்த்தேன், அது சும்மா கிடக்கிறது.

திருமங்கலம்_அப்பா:
312 கிராம். தொங்கவிட்டதும் 117. அடர்த்தி 2.6666667. எல்லோருக்கும் நன்றி.

வாத்தியார்_ஓய்வு:
அத்தனை 6-ஐயும் நோட்டில் எழுத விடாதீர்கள் தம்பி. 1 கிராம் படியில் காட்டும் தராசு அது. 117 என்பது 116 ஆகவும் இருக்கலாம், 118 ஆகவும் இருக்கலாம். விடை 2.64-க்கும் 2.69-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. 2.67 என்று நிறுத்தச் சொல்லுங்கள். அலகு (கிராம்/கன செ.மீ.) போட மறந்தால் மதிப்பெண் போகும், அதையும் பாருங்கள்.