முதல் நாவலுக்குத் திட்டம் வேண்டுமா?

வளர்பிறை: முதல் நாவல் எழுதுகிறேன், மூன்று தலைமுறைக் குடும்பக் கதை. தொடக்கம் மளமளவென்று வந்தது. இப்போது நடுவில் நிற்கிறது. முழுக்கதையையும் அத்தியாயங்களாகப் பிரித்துக்கொண்டு எழுதுவதா, வருகிறபடி எழுதிக்கொண்டே போவதா?

கோட்டோவியம்: பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று தலைமுறை என்றால் யார் எப்போது பிறந்தார், எந்த ரகசியம் யாருக்கு எப்போது தெரியவந்தது என்பதே பெரிய கணக்கு. முடிவு தெரியாமல் நடுப்பகுதியை யாராலும் எழுத முடியாது.

மழைக்காகம்: 'யாராலும்' கொஞ்சம் ஓவர். நாடுகடத்தப்பட்டு 1856-இல் திரும்பும் ஒருவனின் கதையைத்தான் தல்ஸ்தோய் எழுத நினைத்தார். அவனைப் புரிந்துகொள்ள 1825-க்குப் போனார், பிறகு 1812-க்கு, கடைசியில் 1805-க்கு. 'போரும் அமைதியும்' அப்படித்தான் பிறந்தது.

கோட்டோவியம்: அதற்குள் அவர் பல நூல்கள் எழுதிக் கை பழகியவர். புதியவர் அப்படிப் பின்னால் போனால் திரும்பி வரமாட்டார்.

மழைக்காகம்: புதியவர்தான் திட்டத்தில் அதிகம் மாட்டிக்கொள்கிறார். 'பத்தாம் அத்தியாயத்தில் மகன் வீட்டை விட்டுப் போகிறான்' என்று அட்டவணையில் இருக்கும். எழுத எழுத உருவான மகனோ போகிற ஆளே இல்லை. அட்டவணைக்காக அவனைப் பிடித்து வெளியே தள்ளுவார். வாசகருக்கு அது தெரியாமலா போகும்?

கோட்டோவியம்: அட்டவணையைத் திருத்த வேண்டியதுதானே! ஒரு பக்கத்தைத் திருத்துவது சுலபமா, இருநூறு பக்கத்தைக் கிழிப்பது சுலபமா?

தாழ்வாரம்: அவர் கேட்டது நடுவில் நின்றுபோனதைப் பற்றி. வளர்பிறை, எழுதிய ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: இதில் என்ன மாறியது? அதை எடுத்துவிட்டாலும் அடுத்த அத்தியாயம் ஆடாமல் நின்றால், அது அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறது. குடும்பக் கதைகளில் இந்த நோய் அதிகம். கல்யாணம், பிறப்பு, சாவு எல்லாம் வரிசையாக வரும். ஒன்றால் இன்னொன்று நடக்காது.

மழைக்காகம்: சரி, ஆனால் அதெல்லாம் எழுதிய பிறகு. தஸ்தயேவ்ஸ்கிகூட 'குற்றமும் தண்டனையும்' நாவலின் முதல் வடிவை 1865-இல் எரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியதாக நண்பருக்கு எழுதினார்.

கோட்டோவியம்: எரித்ததை மட்டும் சொல்கிறீர்கள். அந்த நாவலுக்கான அவருடைய குறிப்பேடுகளைப் பாருங்கள், பக்கம் பக்கமாகத் திட்டம்தான்.

வளர்பிறை: ஒருவரிச் சோதனை செய்து பார்த்தேன். தாத்தா வருகிற அத்தியாயங்களில் அவர் பழசை நினைத்துக்கொண்டே இருக்கிறார், எதுவும் மாறவில்லை. அவரை எடுத்துவிடலாமா?

மழைக்காகம்: எடுக்காதீர்கள். அவர் மறைக்கிற ஒன்றைப் பேரன் கண்டுபிடிக்கட்டும், உடனே அந்தக் காட்சியை எழுதுங்கள்.

கோட்டோவியம்: அதற்கு முன், அந்த ரகசியம் வீட்டில் வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.