முகாமுக்குள் விசாரணை நடக்கிறதாம், காத்திருக்கலாமா?

உப்புவெளி வாசகன்:
என் சின்னம்மாவின் மகனை இராணுவத்தினர் தேடுதலின்போது கொண்டுபோய், ஓர் இரவு முகாமில் வைத்திருந்துவிட்டு விடியற்காலையில் விட்டார்கள். குற்றச்சாட்டு எதுவும் இல்லை. உள்ளங்காலில் அடித்திருக்கிறார்கள். இன்னமும் குதிகாலை ஊன்ற முடியாமல் விரல்களால் நடக்கிறான். ஊர்ப் பெரியவர்கள் போய்க் கேட்டபோது அதிகாரி மரியாதையாகவே பேசினாராம்: "உள்ளக விசாரணை நடக்கிறது, பிழை இருந்தால் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துவோம், பொறுத்திருங்கள்." சின்னம்மாவுக்கு அதுவே போதும் என்ற எண்ணம். இரண்டு கிழமை ஆகப்போகிறது. பொறுப்பதால் நட்டம் உண்டா?

பழைய கிளாக்கர்:
தம்பி, திருகோணமலையில் சட்டத்தரணி ஒருவரிடம் எழுதுவினைஞனாக இருந்து கோப்பு சுமந்தே தலை நரைத்தவன் நான். அந்த அதிகாரி சண்டை பிடித்திருந்தால் நீங்கள் அன்றைக்கே ஓடியிருப்பீர்கள். மரியாதையாகப் பேசியதால்தான் இரண்டு கிழமை போய்விட்டது.

சித்திரவதைக்கு எதிரான உரிமை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அது மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின்படி கொழும்பில், நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும், அதுவும் ஒரு மாதத்துக்குள். முகாமுக்குள் எந்த விசாரணை நடந்தாலும் அந்த ஒரு மாதம் நிற்காது. அதை நிறுத்தக்கூடியது மனித உரிமைகள் ஆணைக்குழு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, ஒரு மாதத்துக்குள் அங்கே முறையிட்டால் விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் போதாது. விசாரணை உண்மையில் நடக்கிறது என்று காட்டச் சொல்லி நீதியரசர்கள் கேட்பார்கள். திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. முறைப்பாட்டு இலக்கத்தைக் கையோடு வாங்குங்கள், அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள்.

இராணுவ நீதிமன்றம் என்பது 1949ஆம் ஆண்டின் இராணுவச் சட்டத்தின் கீழ் படையினரின் ஒழுக்கத்தைப் பார்க்கும் இடம். உங்கள் தம்பி அங்கே வழக்காளி அல்லர், கூப்பிட்டால் சாட்சி, அவ்வளவுதான். சித்திரவதைக்கென்றே 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அரச உத்தியோகத்தர் எவராக இருந்தாலும் மேல் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் கண்டால் குறைந்தது ஏழு ஆண்டு சிறை. சட்டமா அதிபர் குற்றப்பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்பதுதான் அதில் உள்ள முடிச்சு.

மூதூர்க்காரி:
ஐயா, படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. குமாரபுரத்தில் 1996இல் நடந்த படுகொலைக்கு எங்கள் சனம் அநுராதபுரம் வரை போய்ச் சாட்சி சொன்னது. 2016இல் யூரி சபை ஆறு இராணுவத்தினரையும் விடுவித்தது. திருகோணமலைக் கடற்கரையில் 2006இல் ஐந்து மாணவர்களைக் கொன்ற வழக்கில் விசேட அதிரடிப்படையினர் 13 பேரையும் 2019இல் நீதவான் விடுவித்தார். இவை இராணுவ நீதிமன்றத்தில் நடந்தவையா? யாழ்ப்பாணத்து மிருசுவிலில் எட்டுப் பொதுமக்களைக் கொன்ற வழக்கில் இராணுவத்தினர் ஒருவருக்காவது 2015இல் மரண தண்டனை கிடைத்தது, 2020இல் ஜனாதிபதியின் மன்னிப்பில் அவரும் வெளியே வந்துவிட்டார். ஏழைப் பிள்ளையைக் கொழும்புக்கு அலையவைத்து, ஊரில் முகாம்காரர்களின் கண்ணிலும் பட வைப்பதா?

பழைய கிளாக்கர்:
தங்கச்சி, நீங்கள் சொன்ன தீர்ப்புகளில் ஒன்றைக்கூட நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த ஐந்து பிள்ளைகளின் விடயத்தில் முதலில் என்ன கதை சொன்னார்கள்? தாங்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்றார்கள். உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்று மருத்துவப் பரிசோதனை சொன்னபிறகு அந்தக் கதை நிற்கவில்லை. தண்டனை கிடைக்கவில்லை, உண்மைதான். ஆனால் இன்றைக்கு எவரும் அந்தப் பிள்ளைகளைக் குண்டுக்காரர் என்று எழுத முடியாது. அதற்காகத்தான் அந்தப் பையனின் பாதத்தை இப்போதே ஒரு வைத்தியர் பார்க்கவேண்டும் என்கிறேன். கண்ணில் படுவது பற்றிய பயம் நியாயமானது. ஆணைக்குழுவிடம் முதல் நாளே அதையும் எழுத்தில் சொல்லுங்கள்.

உப்புவெளி வாசகன்:
ஐயா, ஒரு சிக்கல். அன்று காலை ஆஸ்பத்திரியில் கேட்டபோது, பயத்தில் "படியில் விழுந்தேன்" என்று சொல்லிவிட்டான். சீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது.

பழைய கிளாக்கர்:
பத்துப் பேரில் எட்டுப் பேர் அப்படித்தான் சொல்லுகிறார்கள், வாசலில் யார் நின்றார்கள் என்பதைப் பொறுத்தது அது. சீட்டை ஒளிக்கவேண்டாம், கிழிக்கவும் வேண்டாம், எதிர்த்தரப்பு எப்படியும் எடுக்கும். சட்ட வைத்திய அதிகாரியிடம் போங்கள், வழக்குக்காகக் காயங்களைப் பரிசோதித்து அறிக்கை தரும் அரசாங்க வைத்தியர் அவர். நோயாளி தன் வாயால் சொல்லும் வரலாற்றை அவர் பதிவார். அங்கே நடந்ததைச் சொல்லி, முன்பு ஏன் மாற்றிச் சொன்னான் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். படியில் விழுந்தவனுக்கு இரண்டு உள்ளங்காலும் ஒரேயளவாக வீங்குமா என்று அவருக்குத் தெரியும். நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் சத்தியக்கடதாசியிலும் அதே விளக்கம் வரவேண்டும், இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால் எதிர்த்தரப்புக்குக் கொண்டாட்டம். காசு தட்டுப்பாடு என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள். சின்னம்மாவிடம், முகாம் விசாரணைக்குக் கூப்பிட்டால் பையனைத் தனியே அனுப்பவேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.