ஆறு பேர் கடைக்கும் 5 நாள் சிக் லீவா?

தோசைக்கல்:
சாக்ரமெண்டோ பக்கம் டிபன் கடை வைத்திருக்கிறேன், ஆறு பேர் வேலை செய்கிறார்கள். கலிபோர்னியாவில் 2015-இல் வருஷத்துக்கு, சம்பளத்தோடு 24 மணி நேரம் சிக் லீவு என்றார்கள், சரி என்றேன். 2024 முதல் அது 40 மணி நேரம். 2025-இன் குறைந்தபட்சக் கூலி 16.50 டாலர். அப்படியென்றால் ஆளுக்கு 660, ஆறு பேருக்கு 3,960. மாற்று ஆளுக்குக் கூலி தனி. பெரிய கம்பெனி தாங்கும். சின்னக் கடைக்கு விலக்கே இல்லையே?

ராத்திரி ஷிப்ட்:
அண்ணே, 40 மணி நேரம் சும்மா வந்து விழுவதில்லை. பெரும்பாலான கடைகளில் 30 மணி நேரம் உழைத்தால்தான் ஒரு மணி நேரம் சேரும். வாரம் 15 மணி நேரம் வேலை பார்க்கும் பையனுக்கு 40 சேர 80 வாரம் ஆகும். நான் முன்பு இருந்த கடையில் காய்ச்சலோடு தேங்காய்ச் சட்னி அரைத்தேன். வாட்ஸப் குழுவில் ஆள் பிடித்துக் கொடுத்தால்தான் லீவு என்றார் முதலாளி. சட்டப்படி அப்படிக் கேட்கவே கூடாது. அந்தச் சட்னியை எத்தனை பேர் சாப்பிட்டார்களோ!

தோசைக்கல்:
லீவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தம்பி. எஸ்.டி.ஐ. (உடம்பு முடியாதவர்களுக்கான கலிபோர்னியா மாநிலக் காப்பீடு) மாதிரி பொது நிதியிலிருந்து அரசு கொடுக்கட்டுமே, என் கல்லாவில் ஏன் கை வைக்க வேண்டும்?

பேரேடு:
இப்படி நாலு கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். எஸ்.டி.ஐ.யில் முதல் ஏழு நாளுக்குப் பணம் கிடையாது. இரண்டு நாள் காய்ச்சலுக்கு அது உதவாது. அப்புறம், அண்ணன் 40 மணி நேரத்தையும் செலவாக எழுதிவிட்டார். எடுக்காத லீவுக்கு, வேலையை விட்டுப் போகும்போது காசு தர வேண்டியதில்லை. சின்னக் கடைகள் மாட்டுவது வேறு இடத்தில்: லீவு எவ்வளவு மீதம் என்று ஒவ்வொரு சம்பளச் சீட்டோடும் எழுத்தில் காட்ட வேண்டும். பாதிப் பேர் காட்டுவதில்லை.

தோசைக்கல்:
மிசௌரி மாநிலத்தில் இது மாதிரி சிக் லீவுச் சட்டத்தை 2024-இல் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தார்கள், 2025 மே மாதம் அமலானது, ஆகஸ்டிலேயே தூக்கிவிட்டார்கள். கொடுத்து வைத்தவர்கள்.

ராத்திரி ஷிப்ட்:
யார், முதலாளிகளா? மத்தியச் சட்டம் எதுவும் இல்லாததால்தானே மாநிலத்துக்கு மாநிலம் இந்தக் கூத்து.

தோசைக்கல்:
சரி, அந்த வாட்ஸப் வழக்கம் என் கடையிலும் உண்டு. தப்பு என்று தெரியாது, இன்றோடு நிறுத்துகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு, வாசலில் கூட்டம் நிற்கும்போது, 'வயிறு சரியில்லை' என்று மெசேஜ் வந்தால் நான் என்ன செய்வது?

ராத்திரி ஷிப்ட்:
நாலு மணிக்கே அனுப்பியிருந்தால் எழுந்து பார்த்திருப்பீர்களா அண்ணே?