கல்குவாரிப் பள்ளத்தை மூடுவதா, கானாற்றைத் திறப்பதா?

கானாற்றங்கரை (காட்பாடி)
எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருந்த கருங்கல் குவாரி மூடப்பட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஐந்து ஏக்கர் பரப்பில் நூறடி ஆழப் பள்ளமும், அதன் கீழ்விளிம்பில் உடைகல்லும் கிரஷர் தூளும் கொட்டிய ஒரு மேடும் மிஞ்சியிருக்கின்றன. மலையிலிருந்து ஏரிக்கு வந்துகொண்டிருந்த கானாறு இப்போது அந்த மேட்டில் முட்டி, திரும்பி, பள்ளத்திலேயே விழுகிறது. பள்ளத்துக்கு வேலி போட்டு நீர்த்தேக்கமாக வைத்துக்கொள்ளலாம் என்று கிராமசபையில் ஒரு தரப்பும், மண் கொட்டி மூடி மரம் நட வேண்டும் என்று மறுதரப்பும் பேசின. நான் இரு தரப்பிலும் இல்லை. மேட்டை அகற்றிக் கானாற்றைப் பழைய தடத்தில் விடுவதே முதல் வேலை என்கிறேன். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டபோதுகூட எங்கள் ஏரியின் கலங்கல் (மிகுநீர் வழியும் இடம்) நனையவில்லை.

கணியம்பாடி உழவன்
உங்கள் ஏரிக்கு நேர்ந்தது அநியாயம்தான், ஐயா. அதற்காகப் பள்ளத்தில் நிற்கும் தண்ணீரைக் குற்றம் சொல்வானேன்? ஏரி பரந்தது, ஆழமற்றது. சித்திரை வெயில் அதன் நீரை நம் கண்ணெதிரிலேயே குடித்துவிடுகிறது. குறுகி ஆழ்ந்த கல்பள்ளத்தில் அந்த இழப்பு குறைவு. எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பள்ளம் நிறைந்த பிறகு அருகிலுள்ள மூன்று கிணறுகளில் கோடையிலும் மோட்டார் ஓடுகிறது. ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் பழுப்பு நிலக்கரி எடுத்த பள்ளங்களை ஆற்றுநீர் விட்டே நிரப்பி ஏரிகளாக்கிப் படகும் விடுகிறார்கள். செலவில்லாமல் வந்த ஏரியை நாம் வேண்டாம் என்கிறோம்.

ஓய்வுபெற்ற சர்வேயர், குடியாத்தம்
தன்பாத் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களில் இருபத்திரண்டு ஆண்டுகள் அளவை வேலை பார்த்தவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தம்பி சொன்ன ஜெர்மானிய ஏரிகளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2009 ஜூலையில் நாக்டர்ஸ்டெட் என்ற ஊரில் அப்படி நிரப்பிக்கொண்டிருந்த ஒரு பழைய சுரங்கத்தின் கரை வீடுகளோடு சரிந்து 3 பேர் இறந்தார்கள். லவுசிட்ஸிலேயே, தோண்டியதால் காற்றும் நீரும் பட்ட கந்தக இரும்புக் கனிமம் சிதைந்து, அமிலமும் துருவும் கசிந்து, ஸ்ப்ரே ஆற்றைக் காவி நிறமாக்கிவிட்டது. நம் கருங்கல்லில் அந்த அமிலத் தொல்லை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நான் அஞ்சுவது பள்ளத்தைவிட மேட்டை. 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமத்தில் நிலக்கரிக் கழிவுமேடு ஒன்று சேறாகி இறங்கிப் பள்ளிக்கூடத்தை மூடியதில் 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். அந்த மேட்டை ஓர் ஊற்றின் மேல் கொட்டியிருந்தார்கள் என்பதையும், அந்த ஊற்று அரசாங்க வரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருந்தது என்பதையும் படித்த நாளிலிருந்து, எந்த மேட்டைப் பார்த்தாலும் அதன் அடியில் முன்பு என்ன ஓடியது என்றுதான் முதலில் கேட்பேன். எங்கள் வேலையிடத்தில் மேட்டின் ஒட்டுமொத்தச் சரிவு 28 பாகையைத் தாண்டக் கூடாது. அடியில் கல் அடுக்கிய தடுப்புச் சுவரும், சுற்றிலும் 'கார்லண்ட் டிரெயின்' என்று நாங்கள் சொல்லும் வடிகாலும் வேண்டும். முதல் மழையிலேயே அந்த வடிகால் இடுப்பளவு வண்டலால் தூர்ந்துவிடும். அதை வாராமல் விட்ட ஆண்டில் மேட்டின் முகம் முழுக்க ஓடை விழுந்திருக்கும். உங்கள் கிரஷர் தூள் மேட்டுக்குச் சுவருமில்லை, வடிகாலுமில்லை.

கணியம்பாடி உழவன்
மேட்டைப் பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. நிலக்கரியை உவமை காட்டுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அங்கே கரிக்கு மேலிருந்த மண்ணும் பாறையும் பக்கத்திலேயே கிடக்கின்றன. உடைத்தால் உப்புவதால் எடுத்த கரியின் இடத்தையும் ஓரளவு அடைக்கின்றன. 2009ஆம் ஆண்டு வழிகாட்டுநெறிப்படி, திறந்தவெளிச் சுரங்கமானால் ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டு, மூடும் செலவுக்கான பணத்தை ஆண்டுதோறும் தனிக்கணக்கில் கட்டிவர வேண்டும் என்று இருந்தது. இங்கே கல் முழுவதும் ஜல்லியாகிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டது, குவாரிக்காரரும் போய்விட்டார். பக்கங்கள் செங்குத்து என்று கொண்டால் ஐந்து ஏக்கருக்கு நூறடி ஏறத்தாழ 2 கோடியே 18 லட்சம் கன அடி. மூன்று யூனிட் (யூனிட்டுக்கு நூறு கன அடி) டிப்பரில் 72,000 லோடுக்கு மேல். நாளைக்கு 40 லோடு அடித்தாலும் ஐந்து ஆண்டு. மூடச் சொல்கிறவர்கள் அந்த மண்ணை எந்த ஏரியிலிருந்து எடுப்பார்கள்?

சிப்காட் வாசி, இராணிப்பேட்டை
மண் கிடைக்காத இடத்தில் என்ன கொட்டுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். 1990களில் மூடிய குரோமேட் தொழிற்சாலையின் கழிவுமேடு எங்கள் பகுதியில் பல ஆண்டுகள் அப்படியே கிடந்து, மஞ்சள் நீராய்க் கசிந்தது. 'நிரப்புகிறோம்' என்று தோல் ஷாப்புக் (தோல் பதனிடும் ஆலை) கழிவு ஒரு லோடு வந்தாலும் அந்தப் பள்ளம் சுற்றுக் கிணறுகளுக்கெல்லாம் விஷத்தொட்டியாகிவிடும்.

கானாற்றங்கரை
மூட வேண்டாம் என்பதில் நாம் ஒன்றுபடுகிறோம். உழவன் ஐயாவின் கணக்கை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன்: அந்த 2 கோடியே 18 லட்சம் கன அடியும் ஒரு சிற்றேரியின் முழுக் கொள்ளளவு. பள்ளம் நிரம்பும்வரை எங்கள் ஏரிக்குச் சொட்டு வராது. ஏரித் தண்ணீர் மதகைத் திறந்தால் தானாக வயலுக்குப் பாயும். பள்ளத்துத் தண்ணீரை மேலே ஏற்ற மோட்டாரும் டீசலும் வேண்டும், அவை இருப்பவருக்கே அது கிடைக்கும். ஆவியாவதைக் கணக்குப் பார்த்தவர் இதையும் பார்க்கலாமே.

கணியம்பாடி உழவன்
நியாயமான கேள்வி. அப்படியானால் கானாற்றைப் பழைய தடத்தில் விட்டு, வெள்ளக் காலத்து மிகுநீர் மட்டும் பள்ளத்தில் விழும்படி பக்கவாட்டில் ஒரு கல்தடுப்பு கட்டுங்கள். அதன் உயரத்தை ஏரிக்காரர்கள் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. பள்ளத்தை நம்பிக் கிணறு ஆழப்படுத்தியவர்களும் உட்கார வேண்டும்.

கானாற்றங்கரை
ஏரி கலங்கல் தொட்ட பிறகுதான் பள்ளத்துக்கு. அதில் விட்டுக்கொடுக்க ஆயக்கட்டுக்காரர்கள் சம்மதிக்க மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற சர்வேயர், குடியாத்தம்
உயரம் தெரியாமலே உயரத்துக்குச் சண்டை போடுகிறீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தின் (நில அளவை வரைபடத்தின்) நகல் வாங்கிக் கானாற்றின் பழைய எல்லையைக் குறித்து வையுங்கள். மட்டம் பார்க்கும் என் டம்பி லெவல் கருவி இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. ஏரிக் கலங்கலில் தொடங்கி மேடு வரை மட்டம் எடுத்தால் ஒரு நாள் வேலை. மேட்டின் மேல் முளைத்த சீமைக்கருவேலத்தை வெட்ட நான்கு ஆட்கள் வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் அங்கே கால் வைக்க முடியாது.